ஏரிக்கரை மேட்டில் இழுக்காத வண்டி

கல்லாவியிலிருந்து போச்சம்பள்ளிக்குப் போகும் வழியில் ஓர் ஏரிக்கரை மேடு உண்டு. மேடு என்றதும் ஏதோ மலைப்பாதை என்று நினைத்துவிடக் கூடாது. வைக்கோல் ஏற்றிய டிராக்டரே பாட்டுப் போட்டுக்கொண்டு ஏறிப் போகும் மேடுதான். அந்த மேட்டில்தான் ரூபாவின் வண்டி தினமும் அவள் மானத்தை வாங்கியது.

ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. காலை ஷிப்டுக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் விட்டு, ஷிப்டு முடிந்ததும் திரும்ப அழைத்து வருவது ரூபாவின் வேலை. ஏரிக்கரை கண்ணில் பட்டதுமே வண்டிக்குள் பேச்சு நின்றுவிடும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி முக்கும், முனகும், பின்னால் கரும்புகையைக் கக்கும். முன்பக்கத்தில் எங்கோ உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். முன் சீட்டில் உட்காரும் முனிலட்சுமி தன் பங்குக்குக் காலைத் தரையில் ஊன்றி அழுத்துவாள், இரண்டு பேர் மிதித்தால் ஏறிவிடும் என்பதுபோல. பின்னால் வரும் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டு அவர்களைத் தாண்டிப் போகும். பஸ் ஜன்னலில் யாராவது சிரித்தால் ரூபா அந்தப் பக்கம் திரும்ப மாட்டாள்.

வண்டி அவள் புருஷன் கங்கப்பன் வாங்கியது. அவன் கையில் அது பல வருஷம் ஓடியது. சர்க்கரை கண்ணில் ஏறி, எதிரே வருவது லாரியா மாட்டு வண்டியா என்று தெரியாமல் போனபோது ஸ்டியரிங்கை விட்டான். விட்டான் என்று மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் ஒரு புளியமரம் குறுக்கே நின்று விட வைத்தது. வெளியாளை டிரைவராகப் போட்டால் வண்டியைக் கொன்றுவிடுவான் என்று அப்போது அவனே சொன்னதால்தான் ரூபா கிருஷ்ணகிரிக்குப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

கற்றுக்கொண்ட பிறகு அந்த சீட் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான நாளிலிருந்து யாரோ ஓட்டிப் போகும் இடத்துக்குப் போய், யாரோ கிளப்பும் நேரத்துக்குத் திரும்பி வந்தவள். இப்போது அவள் சாவியைத் திருப்பினால்தான் ஆறு பெண்கள் வேலைக்குப் போக முடியும். விடியும் முன் ரோட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு போகும்போது மனசு நிறைந்து கிடக்கும். இதை இழக்க அவளால் முடியாது.

வண்டியில் கங்கப்பனுக்கு மிச்சமிருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். அமாவாசைக்கு அமாவாசை எலுமிச்சம்பழம், பச்சைமிளகாய், கரித்துண்டு மூன்றையும் கோத்து முன்பக்கம் திருஷ்டிக்குக் கட்டுவான். ஓட்டுகிறவன் கைதான் அதைக் கட்ட வேண்டும் என்பது, டிரைவராக இருந்த காலத்தில் அவன் ஊருக்கெல்லாம் சொன்ன சட்டம். கண் போன பிறகு அந்தச் சட்டத்தை அவனே மீறிக்கொண்டிருந்தான். ரூபா அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவனிடமிருந்து அதையும் பிடுங்கினால் அவன் எதைப் பிடித்துக்கொண்டு உட்காருவான் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

போன ஆடியில் ஒருநாள் நூல் அறுந்து பழம் ரோட்டில் விழுந்து, அதன்மேல் லாரி ஏறிவிட்டது. கங்கப்பன் அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. அதிலிருந்து கட்டுவதில் ரொம்பக் கெட்டியாக இருந்தான். கண் தெரியாவிட்டால் என்ன, பம்பருக்கு அடியில் கையை விட்டுத் தடவித் தடவி, ஆட்டினாலும் அசையாதபடி கட்டிவிட்டுத்தான் எழுவான். வெளியாள் கை அதில் படக் கூடாது என்பது அவனுடைய இன்னொரு சட்டம். அதனால் வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற நாளில் அவனே அவிழ்த்து எடுத்து வீட்டு ஆணியில் மாட்டுவான். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதே இடத்தில் கட்டுவான்.

தீபாவளி கழிந்து வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. குருபரப்பள்ளியில் ஹைவே ஓரமாக ஷெட் போட்டிருக்கும் கமலக்கண்ணனிடம் கொண்டுபோனாள். பெங்களூர் வண்டிக்காரர்களிடம் கன்னடம், குப்பம் லாரிக்காரர்களிடம் தெலுங்கு, உள்ளூர்க்காரர்களிடம் தமிழ் என்று பேசி, மூன்றிலும் ஒரே மாதிரி திட்டுகிற மனுஷன் அவன். வேலையில் ஏமாற்ற மாட்டான்.

அவன் புகையைப் பார்த்ததுமே விஷயத்தைச் சொல்லிவிட்டான். டர்போ என்பது காற்றை அமுக்கி இஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான். அந்தக் காற்று போகிற வழியில் ரப்பர் ஹோஸ், காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர், ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் என்று பத்து இணைப்பு. அதில் எங்காவது காற்று கசிந்தால் இஞ்சினுக்கு டீசல் மட்டும் போய்ச் சேரும், மூச்சு போய்ச் சேராது. இழுவை போய்விடும், கரும்புகை வரும். கசிவு எங்கே என்று பார்க்க அவன் ஒரு கருவி வைத்திருந்தான். கடையில் வாங்கியது இல்லை. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிளாஸ்டிக் மூடியில் ஓட்டை போட்டு, டியூப்லெஸ் டயரின் வால்வைப் பொருத்தியிருந்தான். அதை டர்போவுக்குக் காற்று நுழையும் வாயில் மாட்டி இறுக்கி, பஞ்சர் கடைக்காரர்கள் காற்றடிப்பதுபோல கம்ப்ரசரில் காற்றை ஏற்ற வேண்டும். பிறகு இணைப்புகள் மேலெல்லாம் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், கசியும் இடத்தில் நுரை குமிழ் விடும்.

முதல் தடவை ஒரு கிளாம்ப் லூசாக இருந்தது. இறுக்கிக் கொடுத்தான். ரூபா வீட்டுக்கு ஓட்டி வரும்போது வண்டி ஜோராக இழுத்தது. மறுநாள் காலை ஏரிக்கரையில் பழைய கதை. இரண்டாம் தடவை எவ்வளவு காற்றை ஏற்றியும் ஒரு குமிழ்கூட வரவில்லை. கமலக்கண்ணன் ஸ்கேனர் போட்டுப் பார்த்தான், சென்சாரைக் கழற்றித் துடைத்தான், தானே ஹைவேயில் ஓட்டிப் பார்த்தான். வண்டி பறந்தது. அன்றைக்கு வண்டியை எடுத்து வரப் போனவன் கங்கப்பனின் சித்தப்பா மகன் தங்கதுரை. ஓட்டி வந்து இறங்கியவன், வண்டி வெண்ணெய் மாதிரி இருக்கிறது, குறை வண்டியில் இல்லை என்று பொதுவாகச் சொல்லி வைத்தான். அவனுக்கு அந்த நேரத்தில் கையில் வேலை இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் ஏரிக்கரையில் வண்டி மறுபடியும் படுத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் கங்கப்பன் கோபமில்லாமல்தான் கேட்டான்.

“மெக்கானிக் ஓட்டினா இழுக்குது. தங்கதுரை ஓட்டினா இழுக்குது. நீ ஓட்டினா மட்டும் ஏன் ரூபா இழுக்க மாட்டேங்குது?”

ஒர்க்‌ஷாப்பிலிருந்து முதல் தடவை நானும்தானே ஓட்டி வந்தேன், அப்போது இழுத்ததே என்று அவள் சொன்னாள். அப்படியென்றால் ராத்திரி வாசலில் சும்மா நிற்கிற வண்டிக்கு விடிவதற்குள் என்ன வந்துவிடும் என்று அவன் கேட்டான். அவன் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். நிதானமாகக் கேட்டதுதான் நெஞ்சில் தைத்தது.

அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டிப் பார்த்தாள். கியரை முன்னாடியே மாற்றிப் பார்த்தாள். கிளட்ச் மேல் என் கால் கிடக்கிறதா பார் என்று முனிலட்சுமியைக் காவல் வைத்தாள். முனிலட்சுமி கழுத்து வலிக்கக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்து, கால் ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனால் கால் விரலுக்கு மெட்டி பெரிசாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். ரூபாவும் சிரித்து வைத்தாள்.

கடைசியில் கங்கப்பன் முடிவு செய்துவிட்டான். அமாவாசையன்று சாயங்காலம் தங்கதுரை வந்து சாவியை வாங்கிக்கொள்வான். ரூபா கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. கொடுத்த சாவி திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும்.

அமாவாசையும் வந்தது. அன்று காலை ஏரிக்கரைப் பாதி மேட்டில் வண்டி நகரவே மாட்டேன் என்றது. பெண்கள் இறங்கி, சாப்பாட்டுப் பைகளோடு நடந்தே மேட்டைக் கடந்தார்கள். வெற்று வண்டி முனகிக்கொண்டு அவர்கள் பின்னால் ஏறியது. கம்பெனி வாசலுக்குப் போவதற்குள் மணி அடித்து முடிந்திருந்தது. முனிலட்சுமி இறங்கும்போது ரூபாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

ரூபா கொஞ்ச நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போய்ச் சமைத்து வைத்துவிட்டு, ஷிப்டு விடும் நேரத்துக்கு மறுபடி வருவது அவள் வழக்கம். இன்றைக்குப் போனால் சாவியைக் கொடுப்பதற்காகத்தான் போக வேண்டும். அவள் வண்டியைக் கிருஷ்ணகிரி ரோட்டில் திருப்பினாள். வீட்டில் சொல்லவில்லை. வழிநெடுக வண்டி நொண்டியது. ஹைவேயில் இரும்பு ஏற்றிய லாரிகளெல்லாம் அவளை முந்திப் போயின. அவள் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குருபரப்பள்ளி போய்ச் சேர்ந்தாள்.

கமலக்கண்ணன் வண்டியைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தான். இந்த வண்டிக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாகிவிட்டது என்று அவன் ஆரம்பிக்கும் முன்பே ரூபா சொன்னாள்.

“இன்னைக்கு நீ கண்டுபிடிக்கலைன்னா, நாளையிலேருந்து நான் இந்த சீட்டுல இல்லண்ணே.”

அவன் வண்டியின் முன்பக்கத்துக்கு வந்தான். பானெட்டைத் திறக்கப் போனவன், பம்பருக்கு அடியில் வாடித் தொங்கிய எலுமிச்சம்பழத்தைப் பார்த்து நின்றான். வெளியாள் கை படக் கூடாது என்று உன் வீட்டுக்காரர் சொல்வாரே, நீயே அவிழ்த்துவிடு என்றான். ரூபா மண்டியிட்டுக் கையை விட்டாள். நூல் இருக்கும் என்று நினைத்த இடத்தில் கம்பி இருந்தது. கட்டிட வேலையில் கம்பிக்குக் கம்பி முடிச்சுப் போடுவார்களே, அந்தக் கட்டுக்கம்பி. கட்டிங்பிளேயரால் முறுக்கி முறுக்கி இறுக்கியிருந்தது. விரலால் அசைக்க முடியவில்லை. ஷிப்டு விடுவதற்குள் திரும்பியாக வேண்டும், அது கிடக்கட்டும், நீ முதலில் காற்றை ஏற்று என்று எழுந்துவிட்டாள்.

அவன் பிளாஸ்டிக் மூடியை மாட்டி இறுக்கினான். கம்ப்ரசரைப் போட்டான். காற்றழுத்தம் காட்டும் மீட்டரில் முள் மெதுவாக ஏறியது. ஏறியது நின்று, இறங்க ஆரம்பித்தது. கமலக்கண்ணனின் முகம் மாறியது. போன தடவை இது அசையாமல் நின்றதே என்று முணுமுணுத்தான். ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினான். உஸ்ஸென்று சத்தம் வந்தது. எங்கிருந்து என்றுதான் புரியவில்லை. மேலே இருந்த இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீரைத் தெளித்தான். ஒன்றிலும் குமிழ் இல்லை.

ரூபா வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வெயிலுக்கு அடங்கிக் கிடந்த ஷெட்டில் சொட்டுக் காற்றில்லை. ஆனால் பம்பருக்கு அடியில் தொங்கிய மிளகாய் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள். பக்கத்தில் இருந்த கரித்துண்டும் லேசாக நடுங்கிற்று.

“அண்ணே, இங்க தெளி.”

அவன் குனிந்து, எலுமிச்சம்பழத்துக்கு மேலே, கிரில்லுக்குப் பின்னால் சோப்புத் தண்ணீரை அடித்தான். நுரை பொங்கிக்கொண்டு வந்தது. பொங்கி வழிந்து, எலுமிச்சம்பழத்துக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றியதுபோல மூடிவிட்டது. கமலக்கண்ணன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான். பிறகு அடியிலிருந்து சிரிப்புக் கேட்டது.

கட்டுக்கம்பி சுற்றியிருந்தது பம்பர் கொக்கியில் இல்லை. இன்டர்கூலருக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸில். தடவிப் பார்த்த கைக்கு உருண்டையாக, கெட்டியாக, பிடித்தால் அசையாததாக அதுதான் கிடைத்திருக்கிறது. அமாவாசைக்கு அமாவாசை அதே இடத்தில் இறுக்க இறுக்க, தொங்குகிற பழம் குலுங்கக் குலுங்க, கம்பி ரப்பரைச் சாய்வாக அறுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டது.

கமலக்கண்ணன் கம்பியை நறுக்கி உருவினான். உஸ்ஸென்ற சத்தம் பட்டென்று நின்றது. கம்பியை மறுபடி அந்த வெட்டில் செருகினான். சத்தம் மறுபடி கிளம்பியது. சாய்வாக அறுத்திருப்பதால், கம்பி இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் காற்றே வெட்டின் உதட்டை ஒட்ட வைத்துவிடுகிறது. கம்பி இருந்தால் வாய் திறந்து கிடக்கிறது. ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போதெல்லாம் கங்கப்பன் கம்பியை எடுத்துவிட்டான். வீட்டுக்குப் போனதும் கட்டிவிட்டான்.

“நோயைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, ஆளை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்காரு உன் வீட்டுக்காரரு” என்று கமலக்கண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

ரூபாவுக்கு முதலில் கால்தான் லேசாயிற்று. குற்றம் என் கால்மேல் இல்லை, இல்லவே இல்லை என்று ரோட்டில் போகிற லாரிகளை நிறுத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அடுத்து ஆத்திரம் வந்தது. எத்தனை நாள் வெறுங்காலோடு ஓட்டியிருப்பாள். அந்த ஆத்திரம் அடங்கிய பிறகு வந்ததுதான் பெரிதாக இருந்தது. அந்த மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது? வண்டியில் அவனுக்கென்று மிச்சமிருந்தது இந்த ஒரு வேலைதான். அதுதான் வண்டியை அறுத்தது என்று எந்த வாயால் சொல்வது?

கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் கண்டக்டர் கையில் புது ஹோஸ் வந்து சேர்ந்தது. மாட்டி முடித்து மறுபடி காற்றை ஏற்றியபோது முள் போய் நின்ற இடத்தில் நின்றது. கமலக்கண்ணன் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டவன்போல, ரப்பருக்கு வயசாகிக் கிழிந்துவிட்டது என்று சொல்லிவிடும்மா, யார் கேட்கப் போகிறார்கள் என்றான். ரூபாவுக்கும் அந்தப் பொய் கொஞ்ச நேரம் இனித்தது. ஆனால் பொய்யைச் சொன்னால் இன்று சாயங்காலமே புது ஹோஸில் புதுக் கம்பி ஏறும். அவள் பழைய ஹோஸையும் நறுக்கிய கம்பியையும் செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டாள்.

ஷிப்டு விட்டு வந்த பெண்கள் சோர்ந்துபோய் ஏறினார்கள். திரும்பும்போது ஏரிக்கரையை மறுபக்கத்திலிருந்து ஏற வேண்டும். கரை தெரிந்ததும் வழக்கம்போல் பேச்சு நின்றது. முனிலட்சுமி காலை ஊன்றினாள். ரூபா மிதித்தாள். வண்டி முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல ஒரே மூச்சில் மேலே ஏறியது. முன்னால் போய்க்கொண்டிருந்த கம்பெனி பஸ்ஸை மேட்டிலேயே தாண்டியது. பின் சீட்டிலிருந்து ஒருத்தி விசில் அடித்தாள். முனிலட்சுமி ஊன்றிய காலை எடுத்து சீட்டின்மேல் மடித்துப் போட்டுக்கொண்டாள்.

வீட்டு வாசலில் தங்கதுரை டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கங்கப்பன் நாற்காலியில் இருந்தான். பக்கத்தில் தட்டில் புதுச் சரம் கோத்துத் தயாராக இருந்தது. தட்டுக்குக் கீழே ஒரு சுருள் கட்டுக்கம்பியும் கட்டிங்பிளேயரும். மத்தியானம் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று கங்கப்பன் கேட்டான். குருபரப்பள்ளி போனேன் என்று ரூபா சொன்னாள். அதற்குமேல் சொல்ல நினைத்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வாசலுக்கு வந்ததும் கலைந்துபோயின. செய்தித்தாளைப் பிரித்து ஹோஸை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் விரல்கள் ரப்பரைத் தடவிக்கொண்டு போயின. வெட்டு வந்ததும் நின்றன. கட்டை விரலால் அந்த உதட்டைத் தூக்கிப் பார்த்தான். எவ்வளவு ஆழம் என்று நகத்தை விட்டு அளந்தான். ரூபா அவன் இன்னொரு கையில் நறுக்கிய கம்பியை வைத்தாள். அவன் அதை வெட்டின்மேல் கொண்டுபோனான். கம்பி தன் இடம் தெரிந்ததுபோல் உள்ளே போய் உட்கார்ந்தது. அவன் அதை எடுத்தான். மறுபடி வைத்தான். மறுபடி எடுத்தான்.

தங்கதுரை எட்டிப் பார்த்து, என்ன அண்ணா, எலி கடித்துவிட்டதா என்று கேட்டான்.

கங்கப்பன் ஹோஸை மடியில் வைத்துக்கொண்டு, தெருவில் நிழலாகத் தெரிந்த வண்டிப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தான். ரூபா சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு கணம் நினைத்தாள்.

“எலி இல்லடா. நான்தான் கடிச்சேன்” என்றான் கங்கப்பன். “நீ டீ குடிச்சிட்டுக் கிளம்பு தங்கதுரை. வண்டிக்கு ஆள் இருக்குது.”

தங்கதுரைக்கு விளங்கியதோ இல்லையோ, டீயை வேகமாகக் குடித்துவிட்டு எழுந்து போனான். வாசலில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். மன்னித்துக்கொள் என்று சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன் அவன். தட்டைத் தடவி எடுத்தான். கம்பிச் சுருளைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, சரத்தைத் தூக்கி அவள் பக்கம் நீட்டினான்.

ரூபா வாங்கவில்லை. அவன் கை காற்றில் நின்றது.

“அது ஓட்டறவங்க கட்டறதாச்சே மாமா.”

“அதனாலதான் உங்கிட்ட குடுக்கறேன்.”

அவள் வாங்கிக்கொண்டாள். உள்ளே போய் வெள்ளை நூல்கண்டை எடுத்து வந்து, நம்பர் பிளேட்டின் ஓரத்தில் ஒரே ஒரு முடிச்சாகப் போட்டாள். அவன் பக்கத்தில் வந்து நின்று, கையை நீட்டாமல், கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். நூல்தானே, அறுந்தால் இன்னொன்று கட்டிக்கொள்கிறேன் என்றாள் ரூபா.